எஞ்சிய நான்கு புள்ளிகள்

இலண்டன் மாநகரின் வடபகுதியில், ஒரு குன்றின்மேல் அலெக்சாண்ட்ரா அரண்மனை அமைந்துள்ளது. பெயரில்தான் அரண்மனை; அது பொதுமக்களின் பொழுதுபோக்கிற்காகக் கட்டப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் தொடங்கும் தொழில்முறை உலக டார்ட்ஸ் போட்டி இங்குதான் நடைபெறுகிறது.

டார்ட்ஸ் என்பது கூரிய முனையுடைய சிற்றம்புகளை வட்டப் பலகையில் எறியும் விளையாட்டு. ஆட்டக்காரர் 2.37 மீட்டர் தொலைவில் நின்று எறிவார். பலகை 1 முதல் 20 வரை எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆனால், எண்கள் வரிசையாக அமைவதில்லை. 20க்கு இருபுறமும் 1, 5 என்னும் சிறிய எண்களே உள்ளன. 20ஐ விரும்பி எறிபவரின் கை சற்றே பிறழ்ந்தால் கிடைப்பது அவ்வளவுதான்! பலகையின் உள்வளையத்தில் அம்பு தைத்தால் அப்பகுதியின் எண் மும்மடங்காகும். வெளிவளையத்தில் தைத்தால் இருமடங்காகும். இவ்வளையங்களின் அகலம் 8 மில்லிமீட்டர் மட்டுமே.

ஒவ்வொருவரும் 501 புள்ளிகளுடன் தொடங்குவர். முறைக்கு மூன்று அம்புகள் எறிந்து, பெற்ற புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வருவர். ஒரு முறையில் பெறக்கூடிய மிகுதியான புள்ளிகள் 180. முதலில் சுழியத்தை அடைபவரே அந்த ஆட்டத்தை வெல்வார். கடைசி அம்பு இருமடங்கு வளையத்திலோ பலகையின் நடுப்புள்ளியிலோ தைக்க வேண்டும். தேவைக்கு மேல் புள்ளி பெற்றுவிட்டால் அம்முறை எறிந்தவை அனைத்தும் செல்லாமற் போகும்.

எனவே, கைத்திறனோடு மனக்கணக்கும் வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் பலர் 32 எஞ்சுமாறு ஆடுவர். இருமடங்கு 16ஐக் குறிவைக்கும்போது அம்பு வளையத்திற்கு உள்ளே விழுந்தால் 16 எஞ்சும்; அடுத்து இருமடங்கு 8ஐ முயலலாம். அதுவும் அவ்வாறே தவறினால் இருமடங்கு 4 காத்திருக்கும்.

2024 ஜனவரி 3 அன்று நடந்த இறுதிப்போட்டியில் லூக் ஹம்ப்ரீசும் லூக் லிட்லரும் மோதினர். லிட்லருக்கு அப்போது வயது 16. உலகப் போட்டியில் அவர் கலந்துகொண்டது அதுவே முதன்முறை. ஏழு செட்களை முதலில் வெல்பவரே வாகையர். லிட்லர் 4-2 என முன்னிலை பெற்றிருந்தார். அடுத்த செட்டையும் கைப்பற்ற அவருக்கு வேண்டியிருந்தவை நான்கு புள்ளிகள். அதாவது, இருமடங்கு 2இல் ஓர் அம்பு. கையிலிருந்து அம்பு பறந்தது. வளையத்தில் தைக்கவில்லை!

ஹம்ப்ரீஸ் அந்த வாய்ப்பை விடவில்லை. அந்தச் செட்டை வென்றார். தொடர்ந்து மேலும் நான்கு செட்களையும் வென்று 7-4 என வாகை சூடினார். முதல் பரிசு 5,00,000 பவுண்டு. இரண்டாம் பரிசு 2,00,000 பவுண்டு. ஆயினும், அன்றிரவு அரங்கை விட்டுச் சென்றவர்கள் மிகுதியாகப் பேசியது தோற்ற சிறுவனைப் பற்றியே எனலாம்.

ஓராண்டு கழிந்தது. 2025 ஜனவரி 3 அன்று லிட்லர் அதே மேடையில் மீண்டும் இறுதிப்போட்டிக்கு வந்து நின்றார். இம்முறை எதிரில் நின்றவர், மூன்று முறை உலக வாகையரான நெதர்லாந்தின் மைக்கேல் வான் கெர்வன். லிட்லர் 7-3 என வென்றார். 17 வயதில், இப்போட்டியின் மிக இளைய வாகையர் ஆனார். அதற்குமுன் அப்பெருமைக்கு உரியவராக இருந்தவர், அன்று தோற்ற வான் கெர்வனே.

சொற்பொருள்
பிறழ்தல் – இடம் மாறுதல்
எஞ்சுதல் – மீதமாதல்
வாகையர் – வெற்றி பெற்றவர்

பயிற்சி
1. ஆட்டக்காரர் பலர் 32 எஞ்சுமாறு ஆடுவது ஏன்?
2. ஒருவருக்கு 170 புள்ளிகள் எஞ்சியுள்ளன. நடுப்புள்ளிக்கு 50 புள்ளிகள் எனில், மூன்றே அம்புகளில் அவர் ஆட்டத்தை எவ்வாறு முடிக்கலாம்?
3. நீங்கள் வாழும் ஊரில் குறிபார்த்து ஆடப்படும் விளையாட்டு ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.