எண்ணெய்க்கும் வேண்டும் குளிர்ச்சி

மாணவர்களே, நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைக் கடக்கும் ராயல் என்ஃபீல்டு 650 மோட்டார் சைக்கிளைக் கவனியுங்கள். எஞ்சினுக்கு முன்னால் சிறிய ரேடியேட்டர் போன்ற ஒன்று இருக்கும். அதில் ஓடுவது தண்ணீர் அன்று, எஞ்சின் எண்ணெய்! அதுவே ஆயில் கூலர். எண்ணெயை ஏன் குளிர்விக்க வேண்டும்?

விளக்கெண்ணெய்ப் புட்டியை வெந்நீரில் சற்று நேரம் வைத்துப் பின் சாய்த்துப் பாருங்கள். மெல்ல நகர்ந்த எண்ணெய் இப்போது மளமளவென்று ஓடும். (பழைய பந்தய எஞ்சின்களில் ஊற்றியதும் விளக்கெண்ணெய்தான்!) சூடு ஏறினால் பாகுநிலை குறைகிறது. எஞ்சினில் பம்பு தள்ளும் எண்ணெய், சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய இடைவெளியில் புகுகிறது. அங்கே அதற்கு ஏற்படும் தடையே அழுத்தத்தை உண்டாக்குகிறது. எண்ணெய் நீர்த்துப்போனால் எளிதில் வழிந்துவிடும், அழுத்தம் விழும், எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தோடு உராயும்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று விரையும் கார்களில் எண்ணெய் மிகவும் சூடாகும். அதற்குக் கூலர் உதவும். ஆனால் வளைவில் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சினாலும் அழுத்தம் விழும். அங்கே கூலரால் பயனில்லை. எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வேண்டும்.

ஒருமுறை என் காரில் ஆயில் விளக்கு எரிந்தது. பட்டறை பக்கத்தில்தானே என்று ஓட்டிப் போனேன். உடனே எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும், பேரிங்குகள் பாழாயின. "கூலர் பொருத்தலாமா?" என்று கேட்டேன். மெக்கானிக் ஆயில் அளவுக் கம்பியை உருவிக் காட்டினார். நுனியில்கூட எண்ணெய் இல்லை.