காவற் காமிராவின் எச்சரிக்கை விளக்குகளும் அவற்றின் குறை தீர்க்கும் முறையும்

பேராவூரணி தாலுகா கல்லணைக் கால்வாயின் கடைமடையைச் சார்ந்தது. நெல்லோடு தென்னையும் இங்கு முக்கிய சாகுபடியாகும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கரை கடந்த கஜா புயலில் இப்பகுதியின் தோப்புகள் பெரும் சேதமடைந்தன. அதன் பின் நடப்பட்ட நெட்டை ரகக் கன்றுகளுக்கு இப்போதுதான் காய்ப்புப் பருவம். பல ஆண்டு உழைப்பின் பலனாகிய இளநீரும் தேங்காயும் இரவில் களவு போகாமலும், பம்புசெட்டின் செம்புக் கம்பி அறுபடாமலும் காக்கக் கருதி, விவசாயிகள் மோட்டார் கொட்டகைகளிலும் களங்களிலும் கம்பியில்லாக் காவற் காமிராக்களை அமைத்து வருகின்றனர். ஆயின், காமிராவைப் பொருத்திவிட்டால் மட்டும் காவல் அமைந்துவிடாது. அதன் சிறு விளக்கு நிறம் மாறி எச்சரிப்பதைக் கவனியாது விட்டவருக்கு, பதிவு நின்று பல நாட்களாயின என்பது களவு போன மறுநாள்தான் தெரியவரும்.

விளக்கு தெரிவிப்பது யாது?

காமிராவின் வேலை நான்கு படிகளில் நடைபெறுகிறது. முதலாவது மின்சாரம், இரண்டாவது காமிராவுக்கும் ரூட்டருக்கும் இடையேயுள்ள வைஃபை தொடர்பு, மூன்றாவது ரூட்டரிலிருந்து வெளியே செல்லும் இணையத் தொடர்பு, நான்காவது மெமரி கார்டில் பதிவாதல். இவற்றுள் எங்கே தடை உள்ளது என்பதை விளக்கு ஓரளவு சுட்டிக் காட்டும்.

விளக்கு அறவே எரியாவிடில் மின்சாரம் வரவில்லை எனக் கொள்ளலாம். பல சாதனங்களில், அசையாத சிகப்பு காமிரா விழித்தெழுவதையும், மெதுவாகச் சிமிட்டுதல் புதிய இணைப்புக்குக் காத்திருப்பதையும், வேகமாகச் சிமிட்டுதல் தொடர்பு கொள்ள முயல்வதையும், அசையாத நீலம் அல்லது பச்சை தொடர்பு நிலைத்ததையும் குறிக்கும். எனினும் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் இம்முறை வேறுபடும். ஆதலின் சாதனத்துடன் வந்த சிறு புத்தகத்தைப் பார்த்து, விளக்கின் விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைத்தல் நலம்.

கடைமடை வயலுக்கு நீர் வராதபோது எவரும் வயல் வரப்பை முதலில் வெட்டுவதில்லை. தலைமடையிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து, நீர் எதுவரை வந்து நின்றது என்று பார்ப்பதே வழக்கம். காமிராவின் குறையையும் அம்முறையிலேயே, முதற்படியிலிருந்து வரிசையாகத் தேட வேண்டும்.

முதற்படி: மின்சாரம்

பெரும்பாலான சிறு காமிராக்கள் 5 வோல்ட் அடாப்டரால் இயங்குவன. விளக்கு எரியாதபோது, அதே அளவுள்ள வேறொரு நல்ல அடாப்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். பகலில் செம்மையாயிருந்து இரவில் மட்டும் காமிரா அணைந்து அணைந்து எரியுமாயின் அடாப்டரின் வலிமை போதாதென அறியலாம். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் காமிராவுக்கு அதிக மின்சாரம் தேவைப்படுவதே இதற்குக் காரணம். 5 வோல்ட் செல்லும் மெல்லிய கம்பியைப் பல கஜ தூரம் நீட்டினாலும் இக்குறை ஏற்படும். மின்சாரம் எடுக்கும் இடம் தொலைவிலிருந்தால் 230 வோல்ட் கம்பியை, மின் வேலையறிந்தவரைக் கொண்டு, காமிராவின் அருகுவரை கொணர்ந்து, அங்கே மழைபடாத பெட்டியில் அடாப்டரை வைத்தல் வேண்டும்.

பம்புசெட் ஓடத் தொடங்கும் கணத்தில் மட்டும் விளக்கு சிகப்பாக மாறுவதும் உண்டு. ஸ்டார்ட்டர் வழியாக நேரே ஓட்டப்படும் மோட்டார், தொடக்கத்தில் வழக்கமான அளவைப்போல் 5 முதல் 7 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது வோல்ட் இறங்கி, காமிரா அணைந்து மீண்டும் விழித்தெழுகிறது. சில நிமிஷங்களில் விளக்கு பழைய நிறத்துக்கு வந்துவிடின் அச்சமில்லை. அடிக்கடி நேர்ந்தால் ரூட்டருக்கும் காமிராவுக்கும் ஒரு சிறு பாட்டரி மாற்று ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

சூரிய ஒளித் தகட்டால் இயங்கும் காமிராவாயின், ஐப்பசி, கார்த்திகை மாத மேகமூட்டத்தில் பாட்டரி குறைந்து எச்சரிக்கை தோன்றுவது இயல்பு. தகட்டைத் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து அமைத்து, தூசியையும் பறவை எச்சத்தையும் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். ஒரு தென்னங்கீற்றின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் மின் விளைவு பெரிதும் குறையும். கடற்கரையை அடுத்த கிராமங்களில் உப்புக் காற்றால் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே அதனை உலர்ந்த தூரிகையால் நீக்க வேண்டும்.

இரண்டாம் படி: வைஃபை

மின்சாரம் சரியாயிருந்தும் விளக்கு சிமிட்டிக்கொண்டேயிருந்தால், காமிராவைக் கழற்றி ரூட்டருக்கு 2 கஜ தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தொடர்பு நிலைத்தால் காமிராவில் பழுதில்லை. தூரமோ தடையோதான் குற்றம். கான்கிரீட் சுவரும் தகரக் கூரையும் வைஃபை அலைகளைத் தடுப்பன. நீர் அவ்வலைகளை உறிஞ்சும் தன்மையுடையதாதலால், கோடையில் எட்டிய அலை மழையில் நனைந்த கீற்றுகளினூடே எட்டாமற் போகலாம். ரூட்டரை உயரமான இடத்துக்கு மாற்றுதலும், இடையே அலைபெருக்கி ஒன்றை வைத்தலும் இதற்குப் பரிகாரமாகும்.

அருகில் வைத்தும் தொடர்பு கிட்டாவிடில் இரண்டு காரணங்களை ஆராய வேண்டும். வீட்டார் எவரேனும் ரூட்டரின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் காமிராவுக்கும் புதிய சொல்லைக் கொடுக்க வேண்டும். மேலும் பல காமிராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே ஏற்கும்; ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டும் திறந்திருந்தால் அவை இணையா. மின்தடை நீங்கியவுடன் ரூட்டர் விழித்தெழச் சில நிமிஷங்கள் செல்லும். ஆதலின் 5 நிமிஷம் பொறுத்திருந்து பின்னர் முடிவு செய்தல் தகும்.

மூன்றாம் படி: இணையம்

கைபேசியின் சொந்த இணையத்தை நிறுத்திவிட்டு, ரூட்டரின் வைஃபையில் மட்டும் இணைத்து ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காவிடில் காமிராவைத் தொட வேண்டியதில்லை. கண்ணாடி இழைக் கம்பி வழி இணையம் பெறுவோர், பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்று குறித்த விளக்கு சிகப்பாக இருக்கிறதா எனக் காண்க. இருந்தால் ஒளி வரவில்லை என்பது பொருள். மட்டை விழுந்து கம்பி அறுந்திருக்கலாம். அதனை இணைய நிலையத்தாரே சீர்செய்ய இயலும். சிம் கார்டால் இயங்கும் ரூட்டராயின், கட்டணத் தவணை முடிந்துவிட்டதா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

நான்காம் படி: பதிவு

மிகவும் ஏமாற்றம் தருவது இப்படியேயாகும். விளக்கு நீலமாகவே இருக்கும்; கைபேசியில் தோப்பும் தெரியும்; ஆனால் மெமரி கார்டு பழுதுற்றிருக்கும். இடைவிடாது எழுதி அழிக்கப்படுவதால் கார்டு தேய்ந்துபோகும் பொருளாகும். எனவே விளக்கின் நிறத்தைப் பதிவுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. முன்னாள் இரவு 2 மணிக்குரிய பதிவைத் திறந்து பார்ப்பதே உண்மையான பரிசோதனை. அப்போது காட்சி முழுதும் வெண்மையாகத் தோன்றினால் கண்ணாடியின் முன் சிலந்தி வலை உளதா என நோக்குக. அகச்சிவப்பு ஒளி அவ்வலையில் பட்டுத் திரும்புவதால் தோப்பு மறைந்துவிடும். காவற் காமிராவுக்கென்றே செய்யப்பட்ட நீடித்துழைக்கும் கார்டை வாங்குதல் சிக்கனமாகும். கார்டு நிறைந்தபின் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படுமாதலால், களவு நேர்ந்தால் தாமதமின்றி அப்பதிவைப் பிரதி செய்துகொள்ள வேண்டும்.

ரீசெட் பொத்தான்

சிகப்பு விளக்கைக் கண்டதும் ரீசெட் பொத்தானை அழுத்துவது பலரிடம் காணப்படும் பழக்கம். இது வாய்க்கால் உடைப்பைத் தேடாமல் வயல் வரப்பை வெட்டுவதற்கு ஒப்பாகும். அதனால் வைஃபை விவரங்கள் யாவும் அழிந்து, எல்லாவற்றையும் புதிதாக அமைக்க நேரிடும். சில சாதனங்களில் கடவுச்சொல்லும் ஆலையில் வைத்த பொதுச் சொல்லாகிவிடும். அச்சொற்களை மாற்றாது விட்ட காமிராக்களையும் ரூட்டர்களையும் ‘மிராய்’ என்னும் தீய நிரல் வசப்படுத்தி, 2016 அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் பல பெரிய இணையத் தளங்களை முடக்கியது. ஆகவே நான்கு படிகளையும் பார்த்த பின்னரே ரீசெட் செய்தல் வேண்டும். செய்த உடனே பிறர் ஊகிக்க இயலாத புதிய கடவுச்சொல்லை அமைத்தல் வேண்டும்.

வாரந்தோறும் செய்யத்தக்கவை

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, விளக்கின் நிறத்தையும், காமிரா காட்டும் தேதி மணியையும், முன்னிரவுப் பதிவையும் பார்த்து, கண்ணாடியையும் ஒளித் தகட்டையும் துடைத்தல் வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் போதும். தென்னைக்கு வண்டு விழுந்ததைக் குருத்தைப் பார்த்தே அறியும் விவசாயி, மரம் சாயுமளவும் காத்திருப்பதில்லை. காமிராவின் விளக்கையும் அவ்விதமே பார்த்துவரின், களவு நேர்ந்த இரவின் பதிவு வேண்டுங்கால் கைக்குக் கிடைக்கும்.