மூன்றாம் யோவான் நிருபத்தில் ‘வாழ்தல்’: சொல்லாய்வு வழி ஆன்ம வாழ்வும் மெய்ச்செல்வமும்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ மறையில் வளவாழ்வு குறித்து எழும் விவாதங்களில் மூன்றாம் யோவான் நிருபத்தின் இரண்டாம் வசனம் அடிக்கடி மேற்கோளாகக் காட்டப்படுகின்றது. நம்பிக்கையுடையோர்க்குப் பொருட்செல்வமும் உடல்நலமும் உறுதியாக வாய்க்கும் என்னும் ‘செழிப்பு உபதேசம்’ இவ்வசனத்தைத் தன் அடிப்படைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்கின்றது. வசனத்தின் கிரேக்க வினைச்சொல், அதற்குத் தமிழ்ப் பெயர்ப்பு தந்த ‘வாழ்’ என்னும் சொல், தொல்காப்பியம் கூறும் வாழ்த்து வகைகள் ஆகிய மூன்றின் துணையோடு அவ்வசனத்தின் பொருளை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: வாழ்தல், நல்வழி, மெய்ச்செல்வம், வாழ்த்து, விருந்தோம்பல்.

முன்னுரை

மூலமொழியின் சொல்லெண்ணிக்கையால் நோக்கின் புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகச் சிறியது மூன்றாம் யோவான் நிருபம். தன்னை ‘மூப்பன்’ என்று குறிக்கும் ஒருவர் காயு என்னும் நண்பருக்கு விடுத்த மடல் அது. காயு எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்க வேண்டும் என்பது அதன் தொடக்க விருப்பம். அவருடைய ஆத்துமா முன்னரே வாழ்கின்றது என்பது அவ்விருப்பத்திற்கு மூப்பர் வைக்கும் உவமை. இவ்வுவமையே வசனத்தின் அச்சாணி. இதனை விடுத்து விருப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது வாழ்த்து வாக்குறுதியாகத் திரிகின்றது. அவ்வாறு திரிவதன் விளைவு கல்விப்புலத்தோடு நின்றுவிடுவதில்லை. நோயுற்றவரும் வறியவரும் நம்பிக்கையில் குறைந்தவர் என்னும் பழியையும் சேர்த்துச் சுமக்க நேர்கின்றது. ஆதலின் இச்சொல்லின் பொருளைத் தெளிதல் இன்றியமையாதது.

வினைச்சொல்லின் பொருட்பரப்பு

இவ்வசனத்தில் இருமுறை பயிலும் கிரேக்க வினை ‘யூவொதோ’ என்பதாகும். ‘யூ’ நன்மையையும் ‘ஹொதொஸ்’ வழியையும் குறிக்கும். எனவே நல்வழி அமைதல், பயணம் இனிதே நிறைவேறுதல் என்பது இதன் வேர்ப்பொருள். காரியம் கைகூடுதல் என்பது அதிலிருந்து விரிந்த பொருள்.

புதிய ஏற்பாட்டில் இவ்வினை நான்கு முறையே வருகின்றது. இந்நிருபத்தின் இரண்டு இடங்கள் நீங்கலாக, உரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்திலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்திலும் அதனைக் காணலாம். 1871-இல் வெளிவந்த, ஹென்றி பவர் பெயரால் வழங்கும் திருமறைப் பெயர்ப்பின் வழிவந்த தமிழ்ப் பாடம், உரோமர் நிருபத்தில் ‘நல்ல பிரயாணம்’ என்றும், கொரிந்தியர் நிருபத்தில் ‘வரவு’ என்றும், யோவான் நிருபத்தில் ‘வாழ்’ என்றும் இடத்திற்கேற்ப வேறுபடுத்துகின்றது.

இவற்றுள் பொருள்வரவைத் தெளிவாகச் சுட்டும் இடம் கொரிந்தியர் நிருபம் ஒன்றே. அங்கும் வரவு பேசப்படுவது எருசலேமிலுள்ள பரிசுத்தவான்களுக்கான நன்கொடையைச் சேர்த்துவைக்கும் சூழலிலாகும். ஈட்டலின் அளவு ஈதலுக்கு அளவுகோலாகின்றது. நம்பிக்கைக்கு அங்கே அது அளவுகோலாக்கப்படவில்லை.

எழுபதின்மர் பெயர்ப்பு எனப்படும் பழைய ஏற்பாட்டின் கிரேக்க வடிவத்திலும் இவ்வினை பயில்கின்றது. ஆதியாகமம் இருபத்து நான்காம் அதிகாரத்தில் ஆபிரகாமின் ஊழியக்காரன் மேற்கொண்ட பயணம் வாய்க்கப்பெற்றதை அது குறிக்கின்றது. முப்பத்தொன்பதாம் அதிகார இறுதியில் யோசேப்பு செய்தவற்றைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணியதையும் அதுவே குறிக்கின்றது. அப்போது யோசேப்பு சிறையில் இருக்கின்றான். உடைமையும் உரிமையும் இழந்த நிலையிலுள்ள ஒருவன்பால் இச்சொல் பொருந்துமாயின், செல்வநிலையே இதன் மையப்பொருள் என்று கொள்ள இடமில்லை.

தமிழில் ‘வாழ்’

தமிழில் ‘வாழ்’ என்பது உயிரோடிருத்தலையும் சிறப்போடிருத்தலையும் ஒருங்கே உணர்த்தும். ‘வாழ்ந்து கெட்டவர்’ என்னும் உலக வழக்கில் வாழ்தல் என்பது செல்வத்தோடு இருந்தமையைக் குறிக்கின்றது. இதனால் தமிழ் வாசகர் இவ்வசனத்தைப் பொருள்வளம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. எனினும் பெயர்ப்பாளர் ஆத்துமாவுக்கும் அதே வினையைக் கொடுத்துள்ளமை கருதத்தக்கது. மூலம் ஒரே வினையை இருமுறை ஆள்வதைத் தமிழும் பேணியுள்ளது. ஓரிடத்தில் ‘செழித்து’ என்றும் மற்றோரிடத்தில் ‘நலமாய்’ என்றும் பிரித்திருப்பின் இவ்வொப்புமை மறைந்திருக்கும்.

வழி என்னும் வேர்ப்பொருளும் நிருபத்தின் பிற பகுதிகளில் புலப்படுகின்றது. தம் பிள்ளைகள் சத்தியத்தில் ‘நடப்பது’ மூப்பருக்கு மகிழ்ச்சி. ஊர்விட்டு ஊர் செல்லும் ஊழியரைக் காயு ‘வழிவிட்டனுப்புதல்’ அவர் வேண்டுகோள். தனக்கு நல்வழி வாய்க்க வாழ்த்தப்பெற்றவர் பிறர்க்கு வழியமைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே மடலின் ஓட்டமாகின்றது. காயுவின் நிலபுலன்களைப் பற்றி மூப்பர் ஒரு சொல்லும் கூறவில்லை. முன்பின் அறியாத சகோதரர்க்கு அவர் காட்டிய அன்பையே சான்றாகக் காட்டுகின்றார். எதிர்நிலையில் நிற்பவன் தியோத்திரேப்பு. முதன்மையை விரும்பும் அவன், வந்தவரை ஏற்பதில்லை, ஏற்பவரையும் தடுக்கின்றான். ஆன்மா வாழ்தலுக்கும் வாழாமைக்கும் இந்நிருபம் காட்டும் வேறுபாடு திறந்த வாயிலுக்கும் அடைத்த வாயிலுக்கும் உள்ள வேறுபாடேயாம்.

வாழ்த்து என்னும் வகைமை

இரண்டாம் வசனத்தின் வடிவமும் நோக்கத்தக்கது. மடலின் தொடக்கத்தில் பெறுநரின் நலத்தை வேண்டுதல் பண்டைய கிரேக்க மடல்மரபு. தமிழ் இலக்கண நோக்கில் இதனை வாழ்த்து எனலாம். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் புறநிலை வாழ்த்து, வழிபடும் தெய்வம் காக்க, பழி நீங்கிய செல்வத்தோடு வழிவழியாகச் சிறக்குமாறு வாழ்த்துவதாகும். அங்கும் செல்வத்திற்குப் பழியின்மை அடையாக வைக்கப்பட்டுள்ளது. மூப்பரின் வாழ்த்தில் எல்லா வாழ்வுக்கும் ஆன்ம வாழ்வு ஒப்பாக வைக்கப்பட்டுள்ளது. இருமரபுகளும் தம்முள் தொடர்புடையன என்பது இங்குக் கருத்தன்று. வாழ்த்து, செல்வத்தை விரும்பும்போதே அதன் தகுதியையும் வரையறுக்கின்றது என்னும் பொதுவியல்பே இங்குச் சுட்டப்படுகின்றது.

வேம்பும் கடுவும் போல முதற்கண் கசந்து பின்னர்ப் பயன்தரும் சொல்லை வாயுறை வாழ்த்து என்பர். தியோத்திரேப்பைக் கண்டித்து, தீமையைப் பின்பற்றாதே என அறிவுறுத்தும் நிருபத்தின் பிற்பகுதி அவ்வியல்பினது. இனிய வாழ்த்தை மட்டும் கொண்டு கசப்பான வாழ்த்தை விடுதல் நூலைப் பாதியில் மடித்துவைத்தலாகும்.

செல்வத்தின் இடம்

இதனால் கிறித்தவ மறை பொருளையும் உடலையும் இகழ்கின்றது என்று கொள்ளுதலும் பிழையாகும். மூப்பர் உடல்நலத்தை வெளிப்படையாகவே வேண்டுகின்றார். திருக்குறளும் பொருள் செயல்வகைக்குத் தனி அதிகாரம் வகுத்துள்ளது. அருளுடைமை அதிகாரத்தில் அருட்செல்வத்தைச் செல்வங்களுள் தலையாயதாக வைக்கின்றது. நன்றியில் செல்வம் என்னும் அதிகாரத்தில் பயன்படாத செல்வத்தைப் பழிக்கின்றது. பொருளை மறுக்காமல் வரிசைப்படுத்தும் இம்முறை நிருபத்தின் நோக்கோடு ஒப்பிடத்தக்கது.

பிற புதிய ஏற்பாட்டுப் பகுதிகளும் இதற்கு அரணாகின்றன. லூக்கா பன்னிரண்டாம் அதிகார உவமையில் வரும் ஐசுவரியவான், களஞ்சியத்தை நோக்கித் தன் ஆத்துமாவுக்கு ஆறுதல் கூறுகின்றான். அவன் களஞ்சியத்தால் ஆத்துமாவை அளந்தான். மூப்பரோ ஆத்துமாவால் ஏனையவற்றை அளக்கின்றார். வெளிப்படுத்தின விசேஷத்தில், வறுமையுற்ற சிமிர்னா சபை ஐசுவரியமுள்ளது எனப்படுகின்றது. தன்னை ஐசுவரியமுள்ளதாக எண்ணிய லவோதிக்கேயா சபை வறியது எனப்படுகின்றது.

முடிவுரை

மூன்றாம் யோவான் நிருபத்தில் வாழ்தல் என்பது நல்வழியில் நடத்தலும் பிறரை நல்வழியில் செலவிடுத்தலுமாம். பொருள்வளமும் உடல்நலமும் அவ்வாழ்வுக்கு வேண்டப்படும் துணைகள். அதன் சான்றுகள் அல்ல. ஆகவே ஒருவரின் வறுமையையோ நோயையோ கொண்டு அவருடைய நம்பிக்கையை அளத்தற்கு இவ்வசனம் இடந்தருவதில்லை. மாறாக, வளம்பெற்றோரிடத்து அது ஒரு வினாவை எழுப்புகின்றது: வழிச்செல்வோர்க்கு அவர்தம் வாயில் திறந்துள்ளதா? பெயர்ப்பில் நின்ற ‘வாழ்’ என்னும் சொல், தன் இருபொருளையும் இழவாமல் வாசிக்கப்படும்போது, அவ்வினாவைத் தமிழிலும் தெளிவாகவே கேட்கின்றது.