ஆடிட்டர் ஆபீஸில் சேரப் போகிறீர்களா?

அதியமான்கோட்டையிலிருந்து சேலத்துக்கோ ஓசூருக்கோ சி.ஏ. பயிற்சிக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு:

1. எந்தெந்தத் தணிக்கைக்கு அனுப்புவார்கள் என்று கேட்டுச் சேருங்கள். பயிற்சி இப்போது 2 ஆண்டுதான். ரிட்டர்ன் போடுவதிலேயே அது கரைந்துவிடக் கூடாது.

2. பயிற்சியைப் பதிவு செய்யும் படிவம் 103-ஐ, பயிற்சி தொடங்கிய 30 நாளுக்குள் சமர்ப்பியுங்கள். தாமதித்தால் சிக்கல்.

3. வெளியூர்த் தணிக்கையா? தங்குமிடம், கழிப்பறை, இரவு வண்டி பற்றி முன்பே கேளுங்கள், குறிப்பாகப் பெண்கள். தயக்கத்தில் நல்ல வாய்ப்புகள் போய்விடுகின்றன. மாற்றுத்திறனாளிகள் சாய்தளமோ திரைவாசிப்பு மென்பொருளோ வேண்டுமென்று சேரும்போதே சொல்லுங்கள். அது சலுகையல்ல, உரிமை.

4. எண்ணிப் பார்க்காத சரக்குக்கு டிக் போடாதீர்கள். பின்னால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

5. பெண்களுக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தால் 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். 10 பேருக்குக் குறைவான ஆபீஸ் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழு விசாரிக்கும்.