மாடலிங் கிடாருக்கு மிடி பிக்கப்: கொல்லிமலையிலிருந்து 30 பயனுள்ள குறிப்புகள்

கீபோர்டு ஒன்று, அக்கூஸ்டிக் ஒன்று, எலக்ட்ரிக் ஒன்று என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறும் சிரமத்தை மலைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மாடலிங் கிடாரில் பல கிடார்களின் டோன் ஏற்கெனவே இருக்கிறது. கம்பியின் சுரத்தை மின்னணுக் கருவிகளுக்குப் புரியும் தகவலாக மாற்றும் மிடி பிக்கப்பும் சேர்ந்துவிட்டால் புல்லாங்குழல், ஆர்கன், வயலின் எல்லாம் அதே ஆறு கம்பியில் வந்துவிடும். விலை அதிகமான பொருளை வாங்குவதைவிட, வாங்கியதை நிதானமாகப் பொருத்துவதில்தான் பலன் இருக்கிறது. வாசிக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று இவற்றைத் தொகுத்திருக்கிறோம், நண்பர்களே.

1. பிக்கப்புக்குப் பணம் கொடுக்கும் முன் ஜாம் ஆரிஜின் நிறுவனத்தின் 'மிடி கிடார்' மென்பொருளைச் சோதித்துப் பாருங்கள். தனி பிக்கப் இல்லாமலே, சாதாரணக் கிடாரின் ஒலியைக் கேட்டு மிடி சுரங்களாக மாற்றிவிடும். வீட்டில் வாசிக்க இதுவே போதும் என்று தோன்றினால் பணம் அப்படியே மிச்சம்.

2. லைன் 6 வேரியாக்ஸ் மாடலிங் கிடாரில் கம்பிக்கு ஒன்றாகப் பீசோ உணரி இருக்கிறதே, மிடியும் அதிலேயே வராதா என்று பலர் கேட்பார்கள். அந்தப் பீசோ மாடலிங்குக்காக. மிடிக்குத் தனி பிக்கப் வேண்டும். இன்டர்நெட் கேபிள் போடுவது போலத் தெரியும் வேரியாக்ஸின் ஜாக்கில் லைன் 6 கருவிகளை மட்டுமே இணையுங்கள். ரவுட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

3. மாடலிங் கிடாரே இன்னும் வாங்கவில்லையா? கையிலிருக்கும் எலக்ட்ரிக்கில் ரோலண்ட் ஜிகே பிக்கப்பைப் பொருத்தி, 2011-ல் வந்த ஜிஆர்-55 அல்லது பாஸ் எஸ்ஒய்-1000 போன்ற சிந்த் (பல வாத்தியங்களின் ஒலியை எழுப்பும்) கருவியோடு இணையுங்கள். மாடலிங், சிந்த் இரண்டும் அந்த ஒரே பிக்கப்பில் கிடைத்துவிடும். இரண்டாவது கிடார் செலவு இல்லை.

4. மேடையில் வாசிப்பவர்களுக்கு 13 பின் கேபிளில் ஓடும் ஜிகே-3 வசதி. மின்சாரமும் அந்தக் கேபிள் வழியாகவே வருவதால் பேட்டரி செலவு கிடையாது. கம்ப்யூட்டரில் பாட்டு அமைப்பவர்களுக்கு ஒயர் இல்லாத ஃபிஷ்மன் டிரிபிள்பிளே ஒத்துவரும். சார்ஜ் போட மட்டும் மறக்காதீர்கள்.

5. 2023-ல் ஜிகே-5 வந்த பிறகு ரோலண்ட், பாஸ் புதுக் கருவிகளின் ஜாக் மாறிவிட்டது. பழைய 13 பின் கேபிள் அவற்றில் நேராகச் சேராது. அதற்காக நல்ல ஜிகே-3யைக் கழித்துக் கட்ட வேண்டாம், நடுவில் வைக்கும் மாற்றுப் பெட்டி தனியாகக் கிடைக்கிறது. பெட்டி, கேபிள், பிக்கப் மூன்றின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

6. ஜிகே, டிரிபிள்பிளே இரண்டும் காந்தத்தால் வேலை செய்பவை. ஸ்டீல் கம்பி இருந்தால்தான் அவற்றுக்குக் காது கேட்கும். நைலான் கம்பிக் கிடாருக்கு, கம்பிக்கு ஒன்றாகப் பீசோ வைத்த சேடில்தான் வழி. விலை மலிவு என்று மாற்றி வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்க இன்னொரு முறை மலை இறங்க வேண்டும்.

7. ஆர்டர் போடும் முன் பிரிட்ஜுக்கும் பக்கத்து பிக்கப்புக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். முதல் தலைமுறை வேரியாக்ஸ் 300, 500, 700 வகைகளில் காந்தப் பிக்கப்பே இல்லாததால் இடம் தாராளம். பிறகு வந்த ஜேம்ஸ் டைலர் வேரியாக்ஸில் காந்தப் பிக்கப்பும் உண்டு, அதில் இடத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

8. முதல் நாளே துளை போடாதீர்கள். கிடார் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் இரட்டைப் பக்க டேப்பால் பிக்கப்பை நிறுத்திச் சில வாரம் வாசித்துப் பாருங்கள். இடம் சரிப்பட்டால் அப்படியே விடலாம். பாலிஷும் உரியாது, கிடாரை விற்கும்போது விலையும் குறையாது.

9. பிக்கப் தாழ்வாக இருந்தால் காலாவதியான ஏ.டி.எம். கார்டைப் பிக்கப் அகலத்துக்கு வெட்டி அடியில் கொடுங்கள். ஒரு கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர். தேவைக்கேற்ப ஒன்றோ இரண்டோ அடுக்கலாம். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துவிட்டால் கிடாரில் கீறல் விழாது.

10. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால் கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளக்கும் கருவி வாங்க வேண்டாம்: ஏ.டி.எம். கார்டோடு ஒரு விசிட்டிங் கார்டைச் சேர்த்து நுழைத்தால் ஏறக்குறைய அந்த அளவு. உரசாமல், ஆடாமல் நுழைந்தால் சரி. ஆறு கம்பிக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

11. பிக்கப்பைப் பிரிட்ஜிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். ஒவ்வொரு கம்பியும் அதனதன் உணரிக்கு நேர் மேலே ஓடுகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் மேலிருந்து பாருங்கள். கொஞ்சம் விலகினாலும் பக்கத்துக் கம்பியின் சுரம் உள்ளே புகுந்து, அடிக்காத சுரமெல்லாம் கேட்கும்.

12. மாடலிங் கிடாரின் சாதாரண ஜாக்கிலிருந்து ஜிகே-3க்குக் குட்டி கேபிள் ஒன்று கொடுத்துவிடுங்கள். மாடலிங் ஒலியும் சிந்த் தகவலும் ஒரே 13 பின் கேபிளில் போகும். மேடையில் கால் தடுக்க ஒரு கேபிள் குறைவு. கிடார், இரண்டும், சிந்த் என்று மூன்று நிலை உள்ள சுவிட்ச் விரல் பக்கத்திலேயே இருக்கும்.

13. வேரியாக்ஸின் ஜாக்கில் கேபிள் செருகியிருந்தாலே உள்ளே பேட்டரி கரைந்துகொண்டிருக்கும். மேலே சொன்ன குட்டி கேபிளையும் வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே மாதாமாதம் பேட்டரிக் காசை மிச்சம் பிடித்துத் தரும்.

14. சிந்த் கருவி கேட்கும் அளவுகளைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கம்பியின் நீளம் கிடைக்கும். பிக்கப்புக்கும் பிரிட்ஜுக்கும் உள்ள தூரத்தையும் மில்லிமீட்டரில் கொடுங்கள். பள்ளிக்கூட ஸ்கேலும் ஐந்து நிமிடமும் போதும்.

15. ஒவ்வொரு கம்பியையும் மேடையில் அடிக்கும் வேகத்தில் அடித்து, மீட்டர் உச்சத்தைத் தொடாமல் அதற்குச் சற்றுக் கீழே நிற்கும்படி சென்சிட்டிவிட்டியை வையுங்கள். வீட்டில் மெதுவாகத் தட்டி வைத்த அளவு மேடையில் அலறிவிடும். ஆறும் ஒரே உயரத்தில் நின்றால் பாதி வேலை முடிந்தது.

16. வேரியாக்ஸில் நாப் திருப்பி டியூனிங் மாற்றினால் மாறுவது மாடலிங் ஒலி மட்டும். கம்பி பழைய சுருதியிலேயே நிற்கிறது. மிடி பிக்கப் கேட்பது அந்தக் கம்பியைத்தான், அதனால் கிடார் ஒரு சுருதியிலும் புல்லாங்குழல் வேறு சுருதியிலும் பேசும். டிராப் டி என்றால் சிந்த்தில் 6-ஆம் கம்பியை 2 அரைச்சுரம் இறக்குங்கள். ஓப்பன் ஜி என்றால் 1, 5, 6 கம்பிகளை இறக்குங்கள்.

17. கம்பியை இழுத்து வாசிப்பவர்கள் மோனோ மோடைத் தேர்ந்தெடுங்கள். கம்பிக்கு ஒரு சானல் என்று ஆறு சானலில் போவதால் ஒரு கம்பியை இழுத்தால் மற்றவை அசையாது. பிட்ச் பெண்ட் அளவு அனுப்பும் கருவியிலும் ஒலி தரும் கருவியிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு பக்கம் 12, மறுபக்கம் 2 என்று இருந்தால் இழுப்பு எல்லாம் அபசுரம்.

18. பியானோ, ஆர்கன் ஒலி வைத்தால் பிட்ச் பெண்டை அணைத்துவிடுங்கள். விரல் லேசாக நடுங்கினாலும் சுரம் நிலையாக நிற்கும். கீபோர்டுக்காரர் வராத நாளிலும் பாட்டு நிற்காது.

19. அடிக் கம்பி நொடிக்கு 82 முறைதான் அதிர்கிறது, ஓர் அதிர்வுக்கே 12 மில்லிசெகண்ட் ஆகிவிடும். மேல் கம்பிக்கு 3 மில்லிசெகண்ட் போதும். சுரத்தை அடையாளம் காண ஓர் அதிர்வாவது முழுதாக வேண்டும் என்பதால் பேஸ் ஒலி தாமதமாக வருவது போலத் தோன்றும். பேஸை மேல் கம்பிகளில் வாசித்து, சிந்த்தில் ஒன்றிரண்டு ஸ்தாயி இறக்கிவிடுங்கள்.

20. புதிதாகப் பழகுபவர்கள் மெதுவாக எழும் ஸ்ட்ரிங்ஸ், பேட் ஒலிகளில் தொடங்குங்கள். சின்னத் தாமதமும் பிசிறும் அதில் தெரியாது. ஆராதனைப் பாட்டானாலும் பஜனையானாலும் கிடார் ஒலிக்குப் பின்னால் மெலிதாக இதைக் கலந்தால் இரண்டு பேர் வாசிப்பது போல நிறைந்திருக்கும்.

21. தலைமுடி கட்டும் துணி ரப்பர் பேண்டை நட்டை ஒட்டி முதல் ஃப்ரெட் மேல் மாட்டிக்கொள்ளுங்கள். வாசிக்காத கம்பிகள் தாமாக அதிர்வது அடங்கும்; வேண்டாத சுரம் கிளம்பாது. தனி வாசிப்பு முடிந்ததும் மேலே தள்ளிவிட்டால் கார்டு வாசிக்கலாம்.

22. பயிற்சிக்கு நம் மலையின் பெயரே கொண்ட கொல்லிப் பண் இருக்கிறது. அப்பரின் முதல் பதிகம் இந்தப் பண்ணில்தான். இன்று நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். மந்திர பஞ்சமத்தில் தொடங்கி மத்திய பஞ்சமத்தில் முடிவதால் ஒரே ஸ்தாயியில் அடங்கும். புல்லாங்குழல் ஒலி வைத்து நிதானமாக வாசித்தால் எந்தச் சுரத்தில் விரல் சுத்தமாக இல்லை என்று உடனே தெரிந்துவிடும்.

23. கிடார் சிந்த் எப்படிக் குரலோடும் வயலினோடும் சேர வேண்டும் என்று கேட்டுப் பழக, சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' தொகுப்பைக் கேளுங்கள். ஜான் மெக்லாலின் அதில் கிடார் சிந்த்தும் வாசித்திருக்கிறார். நம் சென்னை செல்வகணேஷும் உண்டு. 2024-ல் கிராமி வாங்கிய தொகுப்பு அது.

24. மிடி 1983-ல் வந்தது. அன்றைய ஐந்து பின் வட்ட ஜாக் இன்றும் பேசுகிறது. மூலையில் கிடக்கும் பழைய கீபோர்டின் பின்னால் மிடி இன் இருந்தால், சிந்த் கருவியின் மிடி அவுட்டை அதில் கொடுங்கள். கட்டை சில உடைந்திருந்தாலும் ஒலி நன்றாக இருந்தால் புது ஒலிப்பெட்டி வாங்க வேண்டாம்.

25. சமவெளியிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி வரும்போது வெப்பம் சுமார் 6 டிகிரி குறைகிறது. குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறிவிடும். வந்ததும் வராததுமாக டியூன் செய்யாமல், கிடாரை உறையோடு அரை மணி நேரம் வைத்துவிட்டு டியூன் செய்யுங்கள். சுருதி தவறிய கம்பி, மிடியில் பக்கத்துச் சுரமாகவே விழுந்துவிடும்.

26. ஆடி, ஐப்பசி மூடுபனியில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் கம்பியை மேலும் கீழும் துடைத்து, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களை உறைக்குள் போடுங்கள். துருப்பிடித்த கம்பியில் மிடி தடுமாறும். மாற்றும்போது ஆறையும் ஒரே செட்டாக மாற்றுங்கள்.

27. பஸ்ஸில் கிடாரை மேல் தட்டில் வைக்காமல் கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். 13 பின் கேபிளைக் கழற்றி, பெரிய வளையமாகச் சுற்றுங்கள். உள்ளே மெல்லிய ஒயர்கள் என்பதால் இறுக்கி மடித்தால் அறுந்துபோகும். வாசிக்கும்போது கேபிளை ஸ்ட்ராப்புக்குள் ஒரு சுற்று விட்டால் ஜாக் ஆடாது.

28. ஒரு கம்பிக்கு மட்டும் சிந்த் ஒலி வரவில்லையா? முதலில் கம்பியின் இடைவெளி, அடுத்து சென்சிட்டிவிட்டி, அடுத்து வேறு கேபிள் என்று வரிசையாகப் பாருங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் மட்டும் பிக்கப்பை ரிப்பேருக்குக் கொடுங்கள். சேலம் போய்வரும் செலவு பல நேரம் இப்படியே மிச்சமாகும்.

29. ஆடியில் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழா போன்ற திறந்தவெளி மேடைகளில் எர்த் உள்ள மூன்று பின் பிளக்கையே பயன்படுத்துங்கள். சீரியல் செட், அடாப்டர் இவற்றிலிருந்து விலகி நின்றால் இரைச்சல் குறையும். சிந்த் மக்கர் செய்தால் சுவிட்சைக் கிடார் நிலைக்குத் தள்ளி வாசிப்பைத் தொடருங்கள். அமைப்புகளை முன்னாலேயே பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

30. ஊரில் நாலு பேர் வாசிப்பவர்கள் இருந்தால் பிக்கப்பை ஆளுக்கொன்றாகவும், சிந்த் கருவியைக் கூட்டாக ஒன்றாகவும் வாங்குங்கள். ஜிஆர்-55 போன்றவற்றில் ஒவ்வொரு கிடாரின் அளவுகளையும் தனித்தனியாகச் சேமிக்கலாம் என்பதால் ஒருவர் வைத்ததை இன்னொருவர் கலைக்க வேண்டியதில்லை. பெரிய செலவு நாலாகப் பிரியும். சேர்ந்து வாசிக்கவும் ஒரு காரணம் கிடைக்கும்.