பாட்டு ஒருவருடையது, பதிவு ஒருவருடையது

சென்ற நவராத்திரிக்கு வலியசாலைக்கு வந்திருந்த ஒரு பெண், கொலுவைப் பார்த்துவிட்டுச் சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டே, "மாமா, நீங்க அந்தக் காலத்துல கேசட் கம்பெனி வெச்சிருந்தேளாமே, அம்மா சொன்னா. எங்களுக்கு ஒரு யோசனை சொல்லணும்" என்றாள். அவள் தாத்தா காலம் வரை எங்கள் தெருவில் இருந்த குடும்பம், இப்போது பெங்களூர்வாசிகள். அவளும் தோழர்கள் நால்வரும் சேர்ந்து ஓர் இசைக்குழு நடத்துகிறார்கள். கிதார், வயலின், ட்ரம்ஸ், மிருதங்கம் எல்லாம் உண்டு. நீலகண்ட சிவன் பாட்டு மூன்று, பாபநாசம் சிவன் பாட்டு இரண்டு, தாங்களே கட்டிய பாட்டு ஒன்று, ஆக ஆறு பாட்டுகளைப் பதிவுசெய்து சொந்தப் பெயரிலேயே வெளியிட ஆசை. பெரிய கம்பெனி எதையும் அண்டப்போவதில்லையாம்.

அவளுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். வெளியூர்களில் குடியேறிய நம் வீடுகளில் இன்று பாடாத குழந்தை இல்லை; பாடியதைப் பதிவு செய்யாத குழந்தையும் இல்லை. நான் வக்கீல் அல்ல. கையைச் சுட்டுக்கொண்டவன், அவ்வளவுதான்.

கேசட் கம்பெனி என்பது பெரிய வார்த்தை. 1987 முதல் 1998 வரை எங்கள் வீட்டு ரேழியில் ஒரு மேஜை, ஒரு மர அலமாரி, ஒரு ரசீதுப் புத்தகம் இருந்தன. கம்பெனி என்பது அதுதான். இசைத்தட்டுக் காலமாக இருந்தால் அதுகூட நடந்திருக்காது. தட்டு அச்சிட ஆலை வேண்டும். கிராமபோன் கம்பெனியின் ஆலை கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் இருந்தது. யார் பாடலாம், எது தட்டாகலாம் என்று தீர்மானிப்பது ஆலை வைத்திருப்பவர்தான். 1963இல் பிலிப்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்திய சிறிய கேசட் இந்தக் கதையை மாற்றியது. எழுபதுகளில் வளைகுடா நாடுகளுக்குப் போன மலையாளிகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேட்கும் கருவி வீடுதோறும் வந்துவிட்டது. பிரதி எடுக்கவும் பெரிய ஆலை வேண்டியதில்லை.

இதை எல்லோருக்கும் முன்னால் சரியாகப் புரிந்துகொண்டவர் கே. ஜே. யேசுதாஸ். 1980இல் திருவனந்தபுரத்தில் தரங்கிணியைத் தொடங்கினார். குரல் தம்முடையது, ஒலிப்பதிவுக் கூடம் தம்முடையது, வெளியிடும் பெயரும் தம்முடையது. பாடகர் ஒருவர் இப்படி மூன்றையும் ஒரே கையில் வைத்துக்கொண்டது அன்று எங்களுக்கெல்லாம் பெரிய பாடமாக இருந்தது. இன்னொரு பாடம், அவர் சினிமாவை மட்டும் நம்பவில்லை. ஓணத்துக்கு ஒரு கேசட், மண்டல காலத்துக்கு ஐயப்பன் பாட்டு என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து வியாபாரம் நடந்தது. தரங்கிணிக்காகக் கண்ணன் பாட்டுகள் எழுதிய எஸ். ரமேசன் நாயர் நம் குமரி மாவட்டத்துக் குமாரபுரத்தில் பிறந்தவர். திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் மலையாளத்தில் தந்தவர். மலையாளப் பக்திப் பாட்டு என்று நாம் தள்ளிவைப்பதற்குள்ளும் ஒரு தமிழ் ஊற்று இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். 1992இல் தரங்கிணி சென்னைக்கு இடம் மாறியது.

நானும் பஞ்சாங்கத்தைத்தான் பின்பற்றினேன். விருச்சிகம் முதல் தேதி மண்டலம் தொடங்குகிறது என்றால், துலாம் பாதிக்குள் கேசட் சாலைக் கடைத்தெருவில் தொங்க வேண்டும். தாமதமானால் அடுத்த வருஷம்தான். வாடகைக்கு எடுத்த கூடத்தில் இரண்டு நாளில் பதிவை முடிப்போம். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம், அதற்குள் நான்கு அல்லது ஐந்து பாட்டு. ஆயிரம் பிரதி போடுவேன். கடைக்காரர்கள் கடனுக்குத்தான் வாங்குவார்கள், விற்காததைத் திருப்பித் தருவார்கள். முதல் கேசட்டில் 340 திரும்பி வந்தன. அவற்றை என் தங்கை கல்யாணத்தில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தோம். வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கேசட்டில் மிஞ்சாததைக் கானமேளாவில் பிடித்தேன். தமிழ்நாட்டில் மெல்லிசைக் கச்சேரி என்பதை இங்கே கானமேளா என்பார்கள். எங்கள் கேசட்டில் வாசித்தவர்களையே குழுவாக்கி ஆறு வருஷம் அதன் காரியங்களைப் பார்த்துக்கொண்டேன். தனு மாதம் தொடங்கி மேடம் வரை கோயில் உற்சவங்கள். இடவப்பாதி மழை வந்துவிட்டால் மேடை கிடையாது. ஐந்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டிய பதினொரு பேருக்கு நான் கணக்கு வைத்திருந்தேன். குழுவை நடத்துவது என்றால் மேடையில் நின்று கும்பிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரவு இரண்டு மணிக்கு உற்சவக் கமிட்டிக்காரரைத் தேடிப்பிடிக்கிற வேலை. கச்சேரி முடிந்தபின் பாக்கியைக் கேட்டால் பொருளாளர் அப்போதுதான் வீட்டுக்குப் போயிருப்பார். கடைசி மூன்று பாட்டுக்கு முன்னால் பாக்கியை வாங்கிவிட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு உற்சவ காலம் ஆயிற்று.

வாங்கிய பணத்தை அன்றிரவே, வேனிலேயே பிரித்துக் கொடுத்துவிடுவேன். முதலில் வேன்காரர், பிறகு வாத்தியக்காரர்கள், பிறகு பாடுகிறவர்கள், கடைசியில் என் பத்து சதவீதம். பாடுகிறவருக்கு வெளியே நாலு மேடை கிடைக்கும்; தபலாக்காரருக்கு நாம்தான் கதி. இந்த வரிசையை நான் மாற்றியதே இல்லை. அதனால் பணத்தில் சண்டை வரவில்லை. சண்டை வந்தது பெயரில். முக்கியப் பாடகர் விலகி, அதே குழுப் பெயரில் வேறு ஆட்களை வைத்து மேடையேறினார். பெயர் யாருடையது என்று நாங்கள் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதிக்கொள்ளவில்லை. யார் பக்கம் நியாயம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. பெயரை வைத்தவன் நான், பெயருக்கு ஆள் சேர்த்தவர் அவர்.

இனி, நான் கையைச் சுட்டுக்கொண்ட கதை. எங்கள் தெரு மாமி ஒருவர் சிவன் பாட்டுகளை அபாரமாகப் பாடுவார். சபா மேடை ஏறாதவர். 1993இல் அவர் பாடி ஒரு கேசட் போட்டேன்; 1996இல் இன்னொன்று. இரண்டையும் வெளியூர் விநியோகஸ்தர் ஒருவருக்குக் கொடுத்தேன். நான்கு வரிக் கடிதம்: உரிமைகள் முழுவதும் தங்களுக்கே. எத்தனை வருஷத்துக்கு, எந்த நாட்டுக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. 1996இல் அதே கடிதத்தைக் கேசட்டின் பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்தேன். மாமி 2009இல் காலமானார். பத்து வருஷம் கழித்து, வெளிநாட்டிலிருக்கும் பேரன் பாட்டியின் குரலை யூட்யூபில் ஏற்றியபோது, இது எங்களுக்குச் சொந்தமானது என்று ஒரு கம்பெனியிடமிருந்து எதிர்ப்பு வந்தது. விநியோகஸ்தரின் சரக்கையெல்லாம் வாங்கியவர்களாம். பேரன் என்னிடம் கேட்டான், "தாத்தா, பாட்டி குரல் பாட்டிக்குச் சொந்தமில்லையா?"

இங்கே சட்டத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஒரு கேசட்டில் இருப்பது ஒரு சொத்து அல்ல. பாட்டை இயற்றியவரின் உரிமை ஒன்று. அந்தப் பாட்டைப் பணம் போட்டுப் பதிவு செய்தவரின் உரிமை வேறு. பாடியவருக்கு? நெடுங்காலம் ஒன்றுமே இல்லை. 1977இல் சினிமாப் பாட்டுரிமை பற்றிய வழக்கொன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்போடு ஒத்துப்போனாலும் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவருக்கு உரிமை இல்லாத சட்டம் நம் நாட்டு மரபுக்கு ஒவ்வாதது, நாடாளுமன்றம் அதைத் திருத்த வேண்டும் என்பது அதன் சாரம். அவரும் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்துக்காரர். நம்மவர் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். சட்டம் திருந்தப் பதினேழு வருஷம் ஆயிற்று. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 1995 மே 10 அன்று அமலுக்கு வந்தபோதுதான் பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் தனி உரிமை வந்தது.

அதே திருத்தம் இன்னொன்றும் செய்தது. உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து வருஷம் என்று கொள்ள வேண்டும். இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ள வேண்டும். ஆனால் திருத்தத்துக்கு முன் எழுதிய பத்திரங்களுக்கு இது பொருந்தாது. எங்கள் தெரு வக்கீல் என் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "1996 கேசட் 2001லயே உங்க கைக்குத் திரும்பி வந்தாச்சு. 1993ஐ மறந்துடுங்கோ" என்றார். ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 1993 கேசட் 2053 முடியும் வரை அவர்களுடையது. எனக்கு அப்போது நூறு வயது கடந்திருக்கும்.

இனிப் பெங்களூர்ப் பெண்ணின் ஆறு பாட்டுகளுக்கு வருவோம். இயற்றியவரின் உரிமை அவர் ஆயுளும், அதன்பின் 60 வருஷமும். கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவன் 1900இல் மறைந்தார். அவர் பாட்டுகள் என்றோ பொதுச்சொத்தாகிவிட்டன. யாரும் கேட்காமல் பதிவு செய்யலாம். இளம்வயதில் இதே ஊரில் அவரை அண்டிப் பாட்டில் ஊறிய பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். அவர் பாட்டுகளுக்கு 2033 டிசம்பர் வரை உரிமை உண்டு. குருவின் பாட்டு இலவசம், சீடரின் பாட்டுக்கு அனுமதி வேண்டும். அவள் இதை நம்பவே இல்லை. "கோவில்ல எல்லாரும் பாடறாளே மாமா?" என்றாள். கோயில் வழிபாட்டில் பாடுவதற்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. பதிவுசெய்து வெளியிடுவது வேறு. 2012ஆம் ஆண்டுத் திருத்தப்படி, முதல் பதிவு வந்து ஐந்து வருஷமான பாட்டை அறிவிப்புக் கொடுத்து, உரிமைத்தொகை கட்டி மறுபதிவு செய்யலாம். ஆனால் வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்குக் கட்ட வேண்டும் என்பது பொது விதி. 340 திரும்பி வந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது தோதுப்படாது. உரிமை வைத்திருப்பவர்களைக் கண்டுபிடித்து நேரில் கேட்பதுதான் வழி.

ஆறாவது பாட்டு அவர்களுடையது. வரி எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார், பதிவுச் செலவு யாருடையது, வருவதை எப்படிப் பங்கிடுவது, ஒருவர் விலகினால் குழுவின் பெயர் யாரிடம் நிற்கும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்திடச் சொன்னேன். "ஃபிரண்ட்ஸ்தானே மாமா" என்று இழுத்தாள். நண்பர்களாக இருக்கும்போதுதான் எழுத முடியும் என்றேன். ஊருக்குப் போய் எழுதிவிட்டார்கள். ட்ரம்ஸ் பையன்தான் கடைசியில் கையெழுத்துப் போட்டானாம்.

அன்று புறப்படும்போது மாமியின் 1996 பதிவைக் கேட்க வேண்டும் என்றாள். மூல நாடா இன்னும் அந்த மர அலமாரியில்தான் இருக்கிறது. திருவனந்தபுரத்து ஈரத்தில் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறது. ஓட்டிப் பார்க்க என்னிடம் இயந்திரமும் இல்லை. சென்னையில் பழைய நாடாக்களைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருபவர் ஒருவருக்குச் சென்ற மாதம் அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் பக்கம் முழுதும் கிடைக்கும், முதல் பக்கத்தில் இரண்டு பாட்டுக்குத்தான் உத்தரவாதம் என்று சொல்லியிருக்கிறார். பேரனுக்கும் எழுதிப் போட்டேன். செலவை அவனே ஏற்றுக்கொள்கிறானாம்.