மலையில் ஒரு நிறுவை, ஸ்டோரில் ஒரு நிறுவை

ஹட்டன்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. உன் வட்ஸ்அப் செய்தி பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் இருந்தபடியே என் கணினிக்குள் வந்து, சங்கத்து ஸ்கேன் எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் ஏற்றி அங்கே இறக்கிக்கொள்ளப் போகிறாய். எனிடெஸ்க் வழியாக நேரே இழுத்தால், மழைக்கு லைன் அறுந்ததும் பாதியில் நின்றுவிடும் என்கிறாய். சரிதான். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் பூட்டு.

அந்தக் கோப்புகளில் மரண உதவிச் சங்கத்துக் கணக்கு மட்டுமா இருக்கிறது? அடையாள அட்டைப் பிரதிகள், வங்கிப் புத்தகங்கள், பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் கிடக்கின்றன. 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டபோது, லயத்தில் பிறந்த பலரிடம் எடுத்துக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நாடற்றவர் என்ற பெயர் அப்படித்தான் வந்து ஒட்டியது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களே புதைந்தன. பத்திரம் எங்கே மிஞ்சும்? அதற்குப் பிறகுதான் நான் ஸ்கேன் எடுக்க உட்கார்ந்தேன்.

என் கணினியில் 7-ஸிப் போட்டிருக்கிறேன். கோப்புறையை அதில் கட்டும்போது 7இஸட் வடிவத்தைத் தெரிவு செய்து பாஸ்வேர்ட் கொடு. கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தில் டிக் போட மறவாதே. போடாவிட்டால் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாதே தவிர, யார் யாருடைய பத்திரம் என்று பட்டியல் மட்டும் பளிச்சென்று தெரியும். பாஸ்வேர்ட் நீளமாக இருக்கட்டும். மறந்தால் 7-ஸிப் எழுதியவரே வந்தாலும் திறக்க முடியாது.

உன் சொந்தக் கணக்கை என் கணினியில் திறக்காதே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பாடம் படிப்பதும் அதில்தான். சங்கத்துக்கென்று வைத்திருக்கும் கணக்கில் ஏற்றி, உன் முகவரிக்கு மட்டும் பகிர்ந்துகொள். லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று ஒரு வசதி இருக்கிறதே, அதன் பக்கம் போகாதே. நான் போனேன். ஒரு வட்ஸ்அப் குழுவில் அப்படி ஒரு லிங்க் போட்டுவிட்டு மறந்துபோனேன். ஒரு வருடம் கழித்து, என் கணக்கில் நுழையாத வேறொரு போனில் தற்செயலாக அதை அழுத்தினால், பதினெட்டுப் பேருடைய அடையாள அட்டை வரிசையாக விரிகிறது! அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த காலத்தில், மலையில் நிறுத்த கொழுந்தை ஸ்டோரில் மறுபடி நிறுப்போம். ஈரம் வடிந்து கொஞ்சம் குறையும். அதற்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ மூட்டை அவிழ்ந்திருக்கிறது. கணினியில் ஈரம் வடிகிற கதையே கிடையாது. இங்கே கட்டிய கோப்புக்கு எஸ்எச்ஏ-256 எடு. 64 எழுத்து வரும். அங்கே இறக்கிய பிறகும் எடு. கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த 64 எழுத்து வரிசையே வேறாகிவிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் வந்து சேர்ந்தது என்று சொல்லு.

பிறகு டிரைவில் இருப்பதை அழி, அதன் குப்பைத் தொட்டியையும் காலி செய். காலி செய்யாவிட்டால் தொட்டியில் 30 நாள் கிடக்கும். ஆனால் ஒன்று, டிரைவோடு சிங்க் ஆகிற கோப்புறைக்குள் மூலத்தை வைத்துவிடாதே. அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். மூலம் என் கணினியிலும், ஒரு பிரதி பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்கிலும் இருக்கட்டும். 2023 ஓகஸ்டில் ரான்சம்வேர் நம் அரசாங்கக் கிளவுடையே பூட்டிப்போட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த மின்னஞ்சல்களுக்குப் பேக்கப் இல்லை. சுமார் 5,000 முகவரிகள். அரசாங்கத்துக்கே அந்தக் கதி.

வேலை முடிந்ததும் எனிடெஸ்க்கை மூடச் சொல்லு. நான் எழுந்து பார்த்து மூடுகிறேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கணினி ஓடிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டை வட்ஸ்அப்பில் அனுப்பாதே, கோல் எடுத்து வாயால் சொல்லு. எழுதி, சங்கத்து இரும்புப் பெட்டியில் வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா